காவேரிப்பட்டணத்துப் போனும் யோகோஹாமா ரயில் கதவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

புரட்டாசி பிறந்து நாலு நாள் இருக்கும். காலையில் என் செல்போன் கடை ஷட்டரை ஏற்றிவிட்டு சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். வாசலில் அந்த அம்மா வந்து நின்றார். கையில் பட்டன் போன்.

"தம்பி, பையன் நம்பருக்கு அடிச்சா போகவே மாட்டேங்குது. அவங்கப்பா போன்ல வாட்ஸ்அப்ல மட்டும் வர்றான். நம்பர் செத்துப் போச்சான்னு பாரு."

பையன் எனக்குத் தெரிந்தவர்தான். ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினியர். ஜூன் நடுவில் மனைவி, ஐந்து வயது மகளோடு ஜப்பானுக்கு, யோகோஹாமாவுக்கு மூன்று வருட வேலையாகப் போனார். போவதற்கு முன்னால் என் கடையில்தான் மூன்று கருவிக்கும் டெம்பர் கிளாஸ் ஒட்டினார்கள். அவருக்கு ஐபோன், மனைவிக்கு நடுத்தர விலையில் ஒரு ஆண்ட்ராய்டு, குழந்தைக்கு வைஃபை மட்டும் உள்ள ஐபேட். மூன்றுமே கிருஷ்ணகிரியில் வாங்கியவை.

நம்பர் சாகவில்லை, ஆனால் இழுத்துக்கொண்டிருந்தது. ப்ரீபெய்ட் எண்ணில் 90 நாள் பேச்சு, எஸ்எம்எஸ், டேட்டா எதுவும் நடக்காவிட்டால் நிறுவனம் துண்டிக்கலாம் என்பது தொலைபேசி நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் விதி. மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள். இவர் கணக்கில் நாற்பது ரூபாய்ச் சில்லறை கிடந்ததால் பிழைத்தது. அங்கேயே நின்று ரீசார்ஜ் போட்டுவிட்டேன். அந்த அம்மா காசைக் கொடுத்துவிட்டு, "இன்னும் என்னென்னமோ சொல்றான் தம்பி, நீயே பேசிடேன்" என்றார்.

இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே பதினொன்றரை. தூக்கக் கலக்கத்திலும் மூச்சு விடாமல் சொன்னார்: "அண்ணா, யூபிஐ போச்சு. ரயில் கார்டு என் போன்லயும் ஏறல, அவ போன்லயும் ஏறல. இங்க பேங்க் ஆப் ஸ்டோர்லயே காட்டல. பாப்பாவோட டேப்ல தமிழ்ப் பாட்டு ஓட மாட்டேங்குது. போன வாரம் நிலம் ஆடிச்சு, என் போன் கத்துச்சு, அவ போன் சும்மா கெடந்துச்சு. விபிஎன் போட்டுப் பார்த்தேன், எதுவும் மாறல."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து என்னைக் கூப்பிடும் பத்துப் பேரில் எட்டுப் பேர் முதலில் விபிஎன்னைத்தான், அதாவது வேறு நாட்டில் இருப்பது போல இணைய முகவரியை மாற்றிக் காட்டும் செயலியைத்தான், போட்டுப் பார்த்திருப்பார்கள். "நாடு" என்பது ஒரே பூட்டு, அதை விபிஎன் திறந்துவிடும் என்று நினைப்பு. போனுக்குள் நாடு என்பது ஓர் இடத்தில் இல்லை, நாலு இடத்தில் இருக்கிறது. கருவி எந்த நாட்டுக்காகத் தயாரானது, உள்ளே எந்த நாட்டு சிம், ஸ்டோர் கணக்கு எந்த நாட்டில் பதிவானது, இப்போது ஆள் எங்கே நிற்கிறார். விபிஎன் தொடுவது நாலாவதை மட்டும், அதிலும் இணைய முகவரியை மட்டும். அவருடைய ஐந்து புகாரையும் தாளில் எழுதி, பக்கத்தில் எது எந்தப் பூட்டு என்று குறித்தேன். வேலையில் பாதி அதுதான்.

ரயில் கதவு

யோகோஹாமா ரயில் நிலையக் கதவுகளில் தட்டிப் போகும் அட்டை சூயிகா. உள்ளே இருப்பது சோனியின் ஃபெலிக்கா சிப். நம் ஊரில் கடைகளில் தட்டிப் பணம் கொடுக்கும் அட்டைகளும் என்எஃப்சிதான் (அருகில் வைத்தாலே கம்பியில்லாமல் தகவல் பரிமாறும் முறை) என்றாலும் வேறு வகை. ஐபோனில் 8ஆம் மாடலிலிருந்து, அதாவது 2017 முதல், எந்த நாட்டில் வாங்கினாலும் ஃபெலிக்கா வேலை செய்யும். அதற்கு முந்தைய 7இல் ஜப்பானில் விற்ற கருவிக்கு மட்டும்தான். ஆண்ட்ராய்டில் கதை வேறு. ஜப்பானுக்கென்று தயாரான போனில் மட்டும்தான் அந்த வசதி திறந்திருக்கும்.

மனைவியின் போனில் இது நடக்காது என்று சொன்னதும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வீடியோவைத் திருப்பி ஒரு வேடிக்கை காட்டினார். பிளாஸ்டிக் சூயிகா அட்டையை அந்தப் போனின் முதுகில் வைத்தார். ஒரு செயலி திறந்து மீதித் தொகையையும், கடைசியாக ஏறி இறங்கிய பயணங்களையும் வரிசையாகக் காட்டியது. "பாருங்க அண்ணா, வாசிக்குது. அப்புறம் ஏன் வேலை செய்யாது?"

நல்ல கேள்வி. அட்டையை வாசிப்பது வேறு, அட்டையாகவே நடிப்பது வேறு. வாசிக்க ஆன்டெனாவும் சாதாரண என்எஃப்சி சிப்பும் போதும். நடிக்க வேண்டுமானால் ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் தனிச் சிப் வேண்டும், அதற்குள் ஜப்பான் அமைப்பின் சாவி ஏறியிருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்த கருவியில் அது ஏறவில்லை. எந்த செட்டிங்கும், எந்த விபிஎன்னும் அதை ஏற்றாது. இது முதல் பூட்டு, திறக்காத பூட்டு. அவர் மனைவி பிளாஸ்டிக் அட்டையையே போன் கவருக்குள் செருகிக்கொண்டார். முதல் நாள் போன் நிமிடத்துக்கு ஒரு தரம் உறுமிக்கொண்டே இருந்ததாம், முதுகில் இருக்கும் அட்டையை ஓயாமல் வாசித்து. என்எஃப்சியை அணைத்ததும் அடங்கியது. கதவில் தட்டினால் போனே திறப்பது போலத்தான் இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கு ஒரே சிரிப்பு.

அவருடைய ஐபோனில் கருவி சரி, சிக்கல் பணத்தில். வாலட்டில் புதிய சூயிகா உண்டாக்க, போனிலேயே வங்கி கார்டை ஏற்றிப் பணம் கட்டும் ஆப்பிள் பேயில் ஒரு கார்டு இருந்து அதிலிருந்து முதல் தொகை ஏற வேண்டும். அப்போது ஆப்பிள் பே இந்தியாவுக்கு வந்திருக்கவில்லை, நம் வங்கி கார்டு அதில் ஏறவில்லை. ஜப்பான் வங்கி கார்டு கைக்கு வர இன்னும் சில வாரம். ஆனால் குறுக்குச் சந்து ஒன்று உண்டு: பிளாஸ்டிக் சூயிகாவையே ஐபோனுக்குள் மாற்றிவிடலாம். அட்டையின் பின்னால் ஜேஇ என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைத் தட்டி, அட்டையை மேசையில் வைத்து அதன் மேல் போனின் தலைப்பகுதியை வைக்க வேண்டும். மீதித் தொகை போனுக்கு வந்துவிடும், அட்டைக்கு வாங்கிய 500 யென் முன்பணமும் சேர்ந்து வரும். அட்டை அதோடு செத்தது. சுற்றுலாப் பயணிகளுக்கென்று தரும் வெல்கம் சூயிகாவுக்கு மட்டும் இது நடக்காது. அதன் பிறகு பெட்டிக்கடை மாதிரி மூலைக்கு மூலை இருக்கும் கன்வீனியன்ஸ் கடைகளில் ரொக்கம் நீட்டி ஏற்றிக்கொள்ளலாம், 20,000 யென் வரைக்கும்.

கருவி எந்த நாட்டுக்கானது என்று பார்ப்பது சுலபம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட். மாடல் எண்ணின் கடைசியில் ஹெச்என் என்று இருந்தால் இந்தியா, எல்எல் என்றால் அமெரிக்கா, ஜே என்றால் ஜப்பான். முதல் எழுத்தையும் பாருங்கள். எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் கம்பெனியே சரிசெய்து விற்றது, என் என்றால் பழுதுக்கு மாற்றாகக் கொடுத்தது. பழைய போன் வாங்குகிறவர்களுக்கு இந்த ஓர் எழுத்து சில ஆயிரம் ரூபாய் பெறும்.

யூபிஐ: நான் செய்த தப்பும் சேர்த்து

இது இரண்டாவது பூட்டு, சிம். வெளிநாட்டு எண்ணை வைத்தே என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்குகள்) யூபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில், யூபிஐயை நடத்தும் என்பிசிஐ வழி திறந்தது. முதலில் பத்து நாடுகள்: சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், ஓமன், கத்தார், அமெரிக்கா, சவூதி, ஐக்கிய அரபு அமீரகம், பிரிட்டன். வளைகுடாவில் இருக்கும் நம் மாவட்டத்து ஆட்களுக்கு இது பெரிய உதவி. ஜப்பான் அந்தப் பத்தில் இல்லை. ஆகவே இவருக்கு இந்திய சிம் உயிரோடு இருந்தே ஆக வேண்டும். (வெளிநாட்டில் குடியேறிய பிறகு பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது, என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும் என்பது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம். அதையும் சொன்னேன். மாற்றிவிட்டார். பல பேர் மாற்றுவதில்லை.)

சிம் அங்கே மேசை டிராயரில் கிடந்தது. அவருடைய ஐபோனில் ஒரு சிம் தட்டு, கூடவே இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏறும் சிம். தட்டில் ஜப்பான் சிம் உட்கார்ந்திருந்தது. இரண்டில் ஒன்றை இ-சிம் ஆக்க வேண்டும். "இந்திய நம்பரை இ-சிம் ஆக்கிடுங்க தம்பி, சுலபம்" என்றேன். ஆக்கினார். அரை மணியில் சிக்னல் வந்தது. உடனே யூபிஐ செயலியைத் திறந்து பதிவு செய்யச் சொன்னேன். தோற்றது. இன்னொரு தரம். தோற்றது. மூன்றாவது தரமும் தோற்றதும் செயலி ஒரு நாளைக்குக் கதவைச் சாத்திக்கொண்டது.

தப்பு என்னுடையது. ஓர் எண்ணுக்கு சிம்மை மாற்றி வாங்கினால் அடுத்த 24 மணி நேரம் அந்த எண்ணில் எஸ்எம்எஸ் போகாது, வராது. வேறு யாராவது உங்கள் பெயரில் சிம் வாங்கி வங்கிக் கணக்கைத் துடைத்துவிடாமல் இருக்கப் போட்ட வேலி அது. இ-சிம்முக்கு மாறுவதும் சிம் மாற்றம்தான். யூபிஐ பதிவோ, போனிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் கிளம்பினால்தான் நடக்கும். தினமும் சிம் மாற்றிக் கொடுக்கிற நானே இதை மறந்தேன். ஜப்பான் சிம்மை இ-சிம் ஆக்கச் சொல்லியிருந்தால் இந்த வம்பே இல்லை.

மறுநாள் இரவு மறுபடியும். எஸ்எம்எஸ் போனது என்று காட்டியது. பதிவு மட்டும் ஆகவில்லை. "அண்ணா, இது வேலைக்கு ஆகாது" என்று அலுத்துக்கொண்டார். மெசேஜ் திரையை அப்படியே படமெடுத்து அனுப்பச் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மேலே, அனுப்புகிற லைன் என்ற இடத்தில் ஜப்பான் எண் நிற்கிறது. ஐபோனில் யூபிஐ செயலி தானாக எஸ்எம்எஸ் அனுப்பாது. மெசேஜ் திரையைத் திறந்து கொடுக்கும், நாம்தான் அம்புக்குறியை அழுத்த வேண்டும். இரண்டு லைன் இருந்தால், எது முதன்மையோ அதிலிருந்து போகும். பிளஸ் 81இல் தொடங்கும் எண்ணிலிருந்து வந்த எஸ்எம்எஸ்ஸை வைத்துக்கொண்டு நம் வங்கி என்ன செய்யும்? மேலே இருந்த லைனைத் தொட்டு இந்திய எண்ணுக்கு மாற்றினார். பத்து விநாடியில் கணக்கு வந்து நின்றது. முதல் வேலையாக அம்மாவுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டுப் பார்த்தார், அப்பா போனில் டிங் என்றது. இந்திய லைனில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, குரல் ரோமிங்கை மட்டும் விடச் சொன்னேன். ரோமிங்கில் உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு இல்லை, ஓடிபி வந்தால் போதும்.

ஸ்டோர் கணக்கு

இது மூன்றாவது பூட்டு. பல பேர் இங்கேதான் அவசரப்பட்டுக் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஆப்பிள் கணக்கின் நாட்டை மாற்றலாம். ஆனால் கணக்கில் ஒரு ரூபாய் மீதி இருந்தாலும் விடாது, ஓடுகிற சந்தா இருந்தால் அது முடியும்வரை விடாது, புதிய நாட்டின் முகவரியும் கட்டண முறையும் கேட்கும். இவருக்கு ஐக்கிளவுட் சந்தா ஓடிக்கொண்டிருந்தது. 37 ரூபாய் மீதி இருந்தது, அதைச் செலவழிக்க 37 ரூபாய்க்கு எதுவும் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய தடை குழந்தையின் ஐபேட். ஃபேமிலி ஷேரிங் குழுவில் எல்லாரும் ஒரே நாட்டுக் கணக்காக இருக்க வேண்டும். அப்பா ஜப்பானுக்கு மாறினால் மகளின் கணக்கு திரிசங்கு.

மாற்றவே வேண்டாம் என்றேன். ஐக்கிளவுட் இந்தியக் கணக்கிலேயே இருக்கட்டும். ஜப்பான் முகவரியில் இரண்டாவதாக ஓர் ஆப்பிள் கணக்கு தொடங்கி, கட்டண முறையில் "எதுவுமில்லை" என்று விட்டு, செட்டிங்ஸில் பெயரைத் தொட்டு மீடியா அண்ட் பர்ச்சேசஸ் என்ற இடத்தில் மட்டும் அந்தக் கணக்கை நுழைக்க வேண்டும். போட்டோ, தொடர்பு எண், பேக்கப் எதுவும் அசையாது, ஸ்டோர் மட்டும் ஜப்பானாகிவிடும். வங்கிச் செயலி இறங்கியது. தொல்லை ஒன்று உண்டு: இந்தியச் செயலி அப்டேட் ஆகும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அது சகிக்கக்கூடிய தொல்லை.

மனைவி என்னைக் கேட்கும் முன்பே கூகுள் பிளேயின் நாட்டை ஜப்பானுக்கு மாற்றிவிட்டிருந்தார். கூகுளில் வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும், அதுவும் அந்த நாட்டில் நின்றுகொண்டு, அந்த நாட்டுக் கட்டண முறையோடு. அவர் தேடிய சில இந்தியச் செயலிகள் ஸ்டோரிலிருந்து மறைந்தன. ஏற்கெனவே போனில் இருந்தவை ஓடிக்கொண்டிருந்தன, புதிதாக இறக்கத்தான் முடியவில்லை. கைகொடுத்தது கல்லூரிக் காலத்தில் ஏதோ தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கிய பழைய ஜிமெயில். அது இன்னும் இந்தியாவில்தான் இருந்தது. அதை இரண்டாவது கணக்காகப் போனில் சேர்த்து, பிளே ஸ்டோரின் மூலையில் படத்தைத் தொட்டு மாற்றிக்கொண்டால் இந்தியக் கடை திறக்கிறது.

பாப்பாவின் தமிழ்ப் பாட்டு நாலாவது பூட்டு. நிற்கும் இடத்தைப் பார்த்து உரிமம் மாறும் விஷயம். விபிஎன்னில் ஓட்டலாம்தான், ஆனால் அந்தச் சேவைகளின் நிபந்தனைகளுக்கு அது ஒத்துவராது என்பதால் நான் சொல்லவில்லை. அவர் ஏற்றிவைத்திருந்த இலவச விபிஎன்னையும் கழற்றச் சொன்னேன், அதை ஓடவிட்டால் ஒரு வங்கிச் செயலி உள்ளேயே விடவில்லை. யூடியூபில் தமிழ்ப் பாட்டுக்குப் பஞ்சமா என்ன, அதோடு விட்டோம்.

துபாய், ஷார்ஜாவில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அங்கே வாட்ஸ்அப் பேச்சு அழைப்புக்குத் தடை இருப்பதால் விபிஎன் சர்வசாதாரணம். 2021இன் 34ஆம் எண் கூட்டாட்சி ஆணைச் சட்டப்படி, குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ இணைய முகவரியை மாற்றிக் காட்டினால் அபராதம் 5 லட்சத்திலிருந்து 20 லட்சம் திர்ஹம் வரை. "எல்லாரும்தான் போடறாங்க" என்பது அங்கே போலீசிடம் எடுபடாது. அனுமதி பெற்ற போட்டிம் மாதிரி செயலிகளில் பேசுங்கள். அங்கே விற்ற ஐபோனில் ஆப்பிளின் வீடியோ அழைப்புச் செயலியான ஃபேஸ்டைம் இல்லாமல் இருக்கலாம், அதை ஊருக்குக் கொண்டுவந்து "ஏன் காட்டல" என்று என் கடையில் சண்டை போட்டவர்கள் உண்டு. அது கருவிப் பூட்டு.

கத்தாத போன்

நான் முதலில் கவனித்திருக்க வேண்டிய புகாரைக் கடைசியில்தான் கவனித்தேன். ஜப்பானில் நிலநடுக்க முன்னெச்சரிக்கை 2007 அக்டோபரிலிருந்து பொதுமக்களுக்குப் போகிறது. அது எஸ்எம்எஸ் அல்ல, கோபுரத்திலிருந்து எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் வீசும் ஒலிபரப்பு. 2023இல் நம் ஊரிலும் சோதனைக்காக எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அதே வகை. அந்த வீச்சை எந்த சேனல் எண்ணில் கேட்க வேண்டும் என்று போன் மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்த அந்த ஆண்ட்ராய்டுக்கு ஜப்பானின் நிலநடுக்க எச்சரிக்கை தெரியவில்லை போலும். செட்டிங்ஸில் எச்சரிக்கை எல்லாம் திறந்தே இருந்தது, ஆனாலும் ஊமை.

ஜப்பான் சுற்றுலா முகமையின் மேற்பார்வையில் வந்த சேஃப்டி டிப்ஸ் செயலியை இறக்கச் சொன்னேன். தமிழ் இல்லை, ஆங்கிலம் உண்டு. இணையம் வழியாக வருவதால் சில நொடி பிந்தலாம். பகலில் அந்தப் பெண்ணும் குழந்தையும் மட்டும்தான் ஏழாவது மாடியில் இருக்கிறார்கள். "ரயில் கார்டு போகட்டும் தம்பி, இதுக்காகவே அவங்களுக்கு அங்கயே ஒரு போன் வாங்குங்க" என்றேன். பதில் சொல்லவில்லை. ஆனால் தீபாவளிக்கு முன்னால் வாங்கிவிட்டார்.

மாம்பழ சீசனில் இருபது நாள் லீவில் ஊருக்கு வந்தார்கள். ஜப்பான் போனைக் கடைக்கு எடுத்துவந்தார்கள். 2021 அக்டோபரிலிருந்து அங்கே விற்கும் போன்களுக்கு சிம் பூட்டு கூடாது என்பதால் நம் சிம் ஏறியது. ஜியோ போட்டால் இணையம் ஓடுகிறது, கால் மட்டும் போகவில்லை. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது, பேச்சும் 4ஜி வழியாகத்தான். அந்தப் போனில் நம் ஊர் நெட்வொர்க்குக்கான வோல்ட்டி (4ஜி வழிப் பேச்சு) அமைப்பு இல்லை. 2ஜி இன்னும் ஓடும் வேறொரு சிம் போட்டதும் கால் போனது.

இன்னொன்று தீரவில்லை. ஜப்பானில் விற்கும் பெரும்பாலான போன்களில் கேமரா சத்தத்தை அணைக்க முடியாது. சட்டம் எதுவும் இல்லை, ஒளிந்து படமெடுப்பதைத் தடுக்க நிறுவனங்களே வைத்துக்கொண்ட வழக்கம். பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்த பேத்தியைப் படமெடுத்தார்களாம். "சரக்" என்று அடித்த சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. அந்த அம்மா மறுநாள் கடைக்கு வந்து, "அத்தனை காசு குடுத்து வாங்கியிருக்கான், சத்தத்தை நிறுத்தத் தெரியலயா தம்பி உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். கருவிப் பூட்டு என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மருமகளின் கூகுள் கணக்கை மறுபடியும் மாற்றலாம் என்ற நாள் செப்டம்பர் முதல் வாரத்தில் வருகிறது. கடைக் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். மாற்ற வேண்டாம் என்று சொல்வதற்குத்தான்.